நடந்து போகிற தூரத்தில்

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் இப்போது நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் விவசாயியின் மனைவி. நான் சேலம் அஸ்தம்பட்டியில் பள்ளி ஆசிரியை. இடையில் இரண்டு பஸ்தான். ஆனாலும் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை, அவள் நாத்தனார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த குடும்பப் படத்தைப் பார்த்தேன். என் தோழியின் தலையில் முடி இல்லை. மொட்டை போட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், புருவமும் இல்லை.

"உடம்புக்கு என்ன?" என்று தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டி மறுபடி அழித்தேன். நோட்டுத் திருத்த உட்கார்ந்து ஒரே விடையை மூன்று முறை படித்தேன். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். ராசிபுரத்தில் இறங்கி நின்றபோது, எந்த முகத்தோடு போவது, திரும்பிவிடலாமா என்றிருந்தது.

கதவைத் திறந்தவள் தலையில் துணி கட்டியிருந்தாள்.

"என்ன புள்ள, சொல்லாமக் கொள்ளாம?"

"நீ மட்டும் சொன்னியா?" வாயைத் திறந்ததுமே சண்டைதான் வந்தது.

அவள் கோபப்படவில்லை. "மார்ல கட்டின்னு தெரிஞ்ச அன்னிக்கு உனக்குத்தான் மொதல்ல போன் பண்ணினேன். ரெண்டு தடவ. நீ எடுக்கவே இல்ல."

எனக்கு நினைவு வந்தது. வகுப்பில் இருந்தேன். சாயங்காலம் கூப்பிடலாம் என்று நினைத்து, அப்படியே மறந்துபோனேன்.

"மறுபடி பண்ணியிருக்கலாமில்ல?"

"அழுகையா வந்துச்சு. அதோட விட்டுட்டேன்."

அவள் மாமியார் காபியோடு வந்தார். "உங்களப் பத்தித்தான் பேசிட்டே இருப்பா சாமி. சாப்பிட்டுட்டுத்தான் போவோணுங்க."

மருந்து ஏற்ற ஐந்து முறை சேலம் வந்துபோயிருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தத் தெருவில்தான் வாரத்துக்கு இரண்டு முறை காய்கறி வாங்குகிறேன். இலையில் வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஆறாவது முறைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். மருந்து இறங்க நான்கு மணி நேரம் ஆனது. என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. தண்ணீர் வாங்கினேன், நர்ஸிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டேன், ஜன்னலைச் சாத்தித் திறந்தேன்.

"உக்காரு புள்ள. உன்னப் பாத்தா எனக்குப் படபடங்குது."

உட்கார்ந்தேன். விடுதிச் சாம்பாரில் பல்லி கிடந்த கதையை அவள் ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே பாதியில் தூங்கிப்போனாள்.

இப்போது அவளுக்கு முடி வளர்ந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ரிசல்ட் வரும்வரை அவள் நிம்மதியாக மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாள். நான்தான் ஸ்டாஃப் ரூமில் நடந்துகொண்டே இருக்கிறேன்.