பதினைந்து வருடம் என்று சொன்னேன்

"அம்மா, இந்தக் காசு உங்களுக்கு எப்ப தேவைப்படும்?" என்று கொழும்பிலிருந்து வந்திருந்த முகவர் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவருடைய நிறுவனத்தின் இரண்டு சமநிலை நிதியங்களைப் பற்றிய தாள்களையும் ஒரு மாதமாக நான் கரைத்துக் குடித்திருந்தேன். எதில் பங்குகள் அதிகம், எதில் அரசாங்கக் கடன் பத்திரம் அதிகம், எதற்குக் கட்டணம் கூட என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த மனிதர் இப்படிக் கேட்கிறாரே என்று நினைத்தேன். கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான் என்பது அடுத்த நிமிடமே எனக்குத் தெரிந்துபோனது.

எங்கள் மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது. தாயின் வீடு மகளுக்குப் போகும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார், பெற்றோர் வளவின் ஓரமாக ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். கல்லடியில் கடற்கரைப் பக்கமாக எனக்கிருந்த வீடும் என் அம்மா அப்படி ஒதுங்கிக்கொண்டு எனக்குத் தந்ததுதான். எங்களுக்கு ஒரே மகள் என்பதால் அவளுக்கு என்ன கொடுப்பது என்ற யோசனையே இல்லாமல் இருந்தோம். வீடு இருந்தது, அலுமாரியில் கொஞ்சம் நகையும் இருந்தது.

2004ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலையில் கடல் வந்தது. நாங்கள் மூவரும் அப்போது கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், நகரில் ஒரு சாவீட்டில் உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒருவரின் சாவுக்குப் போனதால் எங்கள் உயிர் தப்பியது. திரும்பி வந்தபோது அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மட்டும் மிஞ்சியிருந்தன, அலுமாரி போன இடமே தெரியவில்லை. பக்கத்து வீட்டில் ஆட்களே மிஞ்சவில்லை. அதனால் நகையைப் பற்றி வாய்விட்டுக் கவலைப்படக்கூட எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

கடலுக்குக் கிட்ட இனி வீடு கட்டக்கூடாது என்றார்கள். உள்ளே தள்ளி, புதிதாகத் துப்புரவாக்கிய காணியில் எங்களுக்கு இரண்டு அறையுள்ள வீடு கிடைத்தது. பத்திரத்தில் என் கணவரின் பெயரைப் போட்டார்கள். போன வீடு என்னுடையது, என் அம்மா தந்தது என்று அலுவலரிடம் எடுத்துச் சொன்னேன். குடும்பத் தலைவர் ஆண்தான், எல்லோருக்கும் அப்படித்தான் போடுகிறோம் என்றார். கடல் கொண்டுபோனது என் வீட்டை, திருப்பிக் கொடுத்தது இவருக்கு. இவர் கெட்டவர் இல்லை, சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த சாது. என்றாலும் அந்தப் பத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்தது. இனி என் கையால் உழைத்தது ஏதாவது மிஞ்சினால் அது என் பெயரில் மட்டும்தான் இருக்கும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

சுனாமிக்கு முன் ஓர் அச்சகத்திலும், அதற்குப் பிறகு ஒரு வெளிநாட்டு நிவாரண அலுவலகத்திலும் நான் கணக்கு எழுதினேன். போர் முடிந்த அடுத்த வருடமே அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். நாட்டுக்கு நல்லது நடந்தால் எங்களுக்கு வேலை போகும் என்பது தெரிந்த விஷயம்தான். எனக்கு அப்போது ஐம்பது வயதாகியிருந்தது. சம்பளத்தில் பிடித்துவைத்த சேமலாப நிதியைப் பெண்கள் அந்த வயதில் எடுக்கலாம் என்பதால் அதுவும் பணிக்கொடையும் சேர்ந்து ஒரு தொகை கைக்கு வந்தது. அரசாங்க உத்தியோகம் இல்லை என்பதால் ஓய்வூதியம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சைக்கிள் கடைக்கும் ஓய்வூதியம் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் சாகும்வரை சாப்பிடுவதற்கு அந்தத் தொகைதான் இருந்தது.

அந்த நேரத்தில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நகரத்துக்குள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன. இத்தனை வருடமும் எட்டிப் பார்க்காதவர்கள் எங்களிடம் காசு இருக்கிறது என்று எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ தெரியாது. அப்படி வந்த ஒரு நிறுவனத்தின் முகவர்தான் அந்த இரண்டு தாள்களையும் தந்தார். இரண்டும் பங்கையும் அரசாங்கக் கடன் பத்திரத்தையும் கலந்து வைத்திருக்கும் நிதியங்கள்தான். ஒன்றில் பங்கு அதிகம், மற்றதில் கடன் பத்திரம் அதிகம். முதலாவது வேகமாக ஏறும், விழுந்தால் பலமாக விழும். இரண்டாவது மெதுவாக அசையும்.

முதல் நிதியத்தின் தாளில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டு போனது. போர் முடிந்த மாதத்திலிருந்துதான் அது செங்குத்தாக எழும்பியிருந்தது. அந்த மாதத்தில் எங்கள் அலுவலகத் தொலைபேசி ஓயவே இல்லை. வன்னியில் போருக்குள் அகப்பட்ட பிள்ளையைப் பற்றி ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்டுத் தாய்மார் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். வேறு ஆட்கள் இல்லாத நேரத்தில் கணக்கு எழுதுகிற நானும் அதை எடுத்து, இன்னும் தகவல் வரவில்லை என்று சொன்னேன். கொழும்பில் அதே கிழமைகளில் பங்கு வாங்கியவர்களுக்கு நல்ல லாபம் என்று இந்தத் தாள் சொன்னது. அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அரிசியையும் மருந்தையும் அருவருப்பைக் கொடுத்து வாங்க முடியாது, திரும்பவும் அந்தத் தாளையே எடுத்துப் படித்தேன்.

முகவர் வீட்டுக்கு வந்த அன்று நாங்கள் மூவரும் இருந்தோம். மகளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவடியில் நின்றாள். எப்போது தேவைப்படும் என்று அவர் கேட்டதும் என் கணவர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு வருசத்தில தேவைப்படும்," என்றார்.

அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று அந்த அறையில் முகவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இரண்டு அறை நிவாரண வீட்டை நம்பி எந்த மாப்பிள்ளையும் வரமாட்டான், பின்னால் இரண்டு அறை சேர்த்து இறக்க வேண்டும், நிலத்துக்கு ஓடு பதிக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு தாயின் காசுக்குத் தவணை மகளின் கலியாணம்தான். முகவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும். இரண்டு வருடம் என்றால் கடன் பத்திரம் கூடினதுதான் சரி, பத்துக்கு மேல் என்றால் பங்கு கூடினது, விழுந்தாலும் எழும்பக் காலம் இருக்கும் என்று விளக்கினார். ஆக, எந்த நிதியம் என்று ஒரு மாதமாக நான் மண்டையைப் போட்டு உடைத்ததெல்லாம் வீண். இந்தக் காசு யாருடையது என்றுதான் முதலில் முடிவெடுத்திருக்க வேண்டும்.

என் அம்மா எனக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு முட்டைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கடைசிக் காலத்தைக் கழித்தவர். நான் கொடுக்காமல் விட்டதில்லை. ஆனால் கேட்பதற்கு முன் அவர் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அந்த நிற்பு எனக்கு ஞாபகம் வந்தது.

"பதினைஞ்சு வருசம்," என்றேன்.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் பங்கு கூடிய நிதியத்தில், என் பெயரில் மட்டும், முழுத்தொகையையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அமிர்தகழிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொடியன் கச்சேரியில் அரசாங்க வேலை, குடிப்பழக்கம் இல்லை, மகளையும் பிடித்திருந்தது. மகளுக்கும் பிடித்திருந்தது என்பது அந்தக் கிழமை முழுவதும் அவள் சத்தம் போடாமல் நடந்ததிலேயே தெரிந்தது. வந்தவர்கள் நகை கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு அறை போட்டுத் தந்தால் போதும் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். எங்கள் வழக்கத்துக்கு அது நியாயமான கேள்வி. கடை வருமானத்தில் இரண்டு அறை எழும்பாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துப் பங்குச் சந்தை கவிழ்ந்து கிடந்தது. போட்டதைவிடக் குறைவாகத்தான் நிதியத்தில் நான் வாங்கிய அலகுகளின் பெறுமதி இருந்தது. முகவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது விற்றால் நட்டம் உறுதி, பொறுத்தால் எழும்பும், பதினைந்து வருடம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என் கணவர் நிலைகொள்ளாமல் வீட்டுக்கும் கடைக்குமாக நடந்தார். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு என்னிடம் கேட்டார்.

"நமக்கு என்ன வேணும் கா? மகள்ட வீட்டிலதானே இரிக்கப் போறம். எடுத்துக் குடுத்திருவமே."

அவர் கெஞ்சிக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் பதிலுக்கு நானும் பிடித்திருப்பேன். யோசிப்போம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகள் உள்ளே வந்தாள்.

"அம்மாட காசு அம்மாட்டயே இரிக்கட்டும் அப்பா," என்றாள். "அவங்களுக்கு ஏலாதெண்டு சொல்லிருங்க."

அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் நான் மனம் மாறியிருக்கக்கூடும். ஒன்றும் இல்லாத முகமாக இருந்தது. கணவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பிறகும் இரண்டொரு சம்பந்தம் வந்தது, வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வருவது நின்றுவிட்டது. மகள் பாசிக்குடாவில் புதிதாக வந்த ஹோட்டல் ஒன்றில் கணக்குப் பகுதியில் சேர்ந்தாள். கிழமை நாட்களில் அங்கேயே தங்குவாள், லீவு நாளில் பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள்.

நான் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்லுவேன். சந்தை எழும்பியது, என் அலகுகளும் எழும்பின. நாட்டில் எல்லாமே விலையேறி, சாமானுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. இவருக்குக் கண் மங்கிக் கடையைப் பூட்டிய பிறகு, கண் சத்திரசிகிச்சைக்கும் சீனி வருத்த மருந்துக்கும் அந்த நிதியத்திலிருந்துதான் எடுக்கிறேன். ஒருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு நான் நிற்கவில்லை. சரியானதைச் செய்தவளுக்கு ஏன் இப்படி நெஞ்சு கனக்க வேண்டும் என்றுதான் விளங்கவில்லை. சில நாட்களில் இந்த ஊர் வழக்கத்தின் மேல் ஆத்திரம் வருகிறது, சில நாட்களில் பொய்யே சொல்லத் தெரியாத அந்த முகவரின் மேல் வருகிறது. மகளின் மேல் மட்டும் வருவதில்லை.

போன மாதம் லீவில் வந்தவள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதே நிறுவனம், அதே இரண்டு நிதியங்கள், படங்கள்தான் மாறியிருந்தன. ஹோட்டலிலும் ஓய்வூதியம் இல்லை, மாதா மாதம் கொஞ்சம் போடப் போகிறேன், எது நல்லது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். அவளும் கணக்கு எழுதுகிறவள், அவளுக்கே தெரியும். என்றாலும் என்னிடம் கேட்டது எனக்குச் சந்தோசமாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பங்கு எவ்வளவு, கடன் பத்திரம் எவ்வளவு என்று விளக்கத் தொடங்கினேன். இவரும் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். பேச்சு வாக்கில், யோசிக்காமல், அந்த முகவரின் கேள்வியை நானே கேட்டுவிட்டேன்.

"உனக்கு இந்தக் காசு எப்ப தேவைப்படும், மகள்?"

அவள் தாளிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது, காதோரம் நரை தெரிகிறது.

"எனக்கொரு மகள் இருந்தா ரெண்டு வருசம் எண்டு சொல்லியிருப்பன்," என்றாள். "பதினைஞ்சு எண்டு போடுங்கம்மா."

கணவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். நான் பங்கு கூடிய நிதியத்தின் தாளை எடுத்து அவள் பக்கமாகத் தள்ளி வைத்தேன். கணக்குப்படி அவளுக்கு அதுதான் சரி.