டாக்டருக்கு அனுமதி இல்லை

மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்து தாம்பரம் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு ஒயர் கூடை, அதற்குள் இரண்டு சட்டை. இன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் மூன்று மாடி டைல்ஸ் கடை. ராஜகீழ்ப்பாக்கத்தில் கல்யாண மண்டபம் - ஏ.சி., லிஃப்ட், கார் நிறுத்தத் தாராளமான இடம். மேடவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்ட். கூடுவாஞ்சேரியில் என் பெயரிலேயே ஒரு நகர். ஆட்டோக்காரரிடம் ‘கன்னியப்பன் நகர்’ என்று சொன்னால் போதும், வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார்.

பேங்க் மானேஜர் லோன் தர மாட்டேன் என்றார். கட்டினேன். பார்ட்னர் பாதியில் கழன்றுகொண்டார். கட்டினேன். வெள்ளம் வந்து குடோனுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த மறுநாளே ஷட்டரைத் தூக்கினேன். மொசைக் தரைக்கு பாலிஷ் போடும் மெஷினைத் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போனவன் கட்டியது இவ்வளவும். படிப்பு? ஆறாம் வகுப்பு.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். “மறுபடியும் ஆரம்பிச்சிட்டாருய்யா” என்று நீங்கள் முணுமுணுப்பதும் எனக்குக் கேட்கிறது. பொறுங்கள். இந்த வாரம் அந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்கிறது. ஒரு பி.ஏ. டிகிரி! என்னுடையது அல்ல. ஆனால் அதில் ஒரு பேப்பர் முழுக்க என் கையெழுத்து.

என் பேத்தி யாழினி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு சேவை கிளப் இருக்கிறது. முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். ஒரு மரக்கன்று, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கும்பல், ஒரு போட்டோ... மாணவர் சேவை என்றால் நாம் பார்த்தது இதுதானே? ஆனால் இந்தப் பிள்ளைகள் செய்வது வேறு. பார்வை இல்லாதவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்கள் பதிலைச் சொல்லச் சொல்ல இவர்கள் பேப்பரில் எழுத வேண்டும். இப்படி எழுதுகிறவருக்கு ‘ஸ்கிரைப்’ என்று பெயர்.

இதில் ஒரு விதி உண்டு. பரீட்சைக்கு உட்காருகிறவரைவிட ஸ்கிரைப் குறைவாகப் படித்திருக்க வேண்டும். கூடுதலாகப் படித்தவர் தன் பதிலை நுழைத்துவிடுவார் என்ற பயம்தான். அதனால் டிகிரி பரீட்சைக்கெல்லாம் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கிராக்கி.

யாழினி எழுத வேண்டியது ஷகிலாவுக்கு. அனகாபுத்தூர் பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், தற்காலிக வேலை. டிகிரி முடித்தால் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார்கள். தபால்வழியில் பி.ஏ. வரலாறு. எல்லா பேப்பரும் பாஸ், ஒன்றே ஒன்று பாக்கி. படிப்பை முடிக்கக் கொடுத்த கெடு இந்தப் பரீட்சையோடு சரி. இதைத் தவறவிட்டால் பாஸ் ஆனதெல்லாம் செல்லாது. திரும்பவும் முதலிலிருந்து.

சனிக்கிழமைகளில் கிளப் பிள்ளைகள் ஷகிலாவுக்குப் பாடம் வாசித்துக் காட்டுவார்கள். அவர் சொல்ல, இவர்கள் எழுதிப் பழகுவார்கள். எந்த இடத்தில்? என் மண்டபத்து டைனிங் ஹாலில். வாடகை வாங்கவில்லை. கரன்ட் பில்லும் என்னுடையது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை அன்று காலை யாழினி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரூமை விட்டு வந்தாள்.

“என்னம்மா, ஷூட்டிங் கிளம்பிட்டியா?” என்றேன்.

கழற்றினாள். இரண்டு கண்ணும் தக்காளி. மெட்ராஸ் ஐ!

கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் மலர்விழி டீச்சருக்கு போன் போட்டோம். அவர் அழாத குறை. “மாத்து ஆளுக்கு விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன் சார். யாரைக் கேட்டாலும் கண்ணு, கண்ணு, கண்ணு... எல்லாரும் ஒரே பெஞ்ச்ல ஒட்டிக்கிட்டு ப்ராக்டிஸ் பண்ணாங்க இல்ல? கிளப்புக்கே வந்துடுச்சு. மத்த பசங்களுக்கு இன்னிக்கு டெஸ்ட். எனக்கும் லேசா உறுத்துது சார்.”

கூடிச் சேவை செய்தால் கூடியே படுக்கவும் வேண்டும் போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கெல்லாம் வராது.

காரை எடுக்க வந்த டிரைவர் செல்வம், “நான் எழுதறேன் முதலாளி” என்றான்.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க அண்ணா?” என்று யாழினி கேட்டாள்.

“பி.காம்.”

“அப்ப நீங்க சரிப்பட மாட்டீங்க.”

படித்திருக்கிறான் என்பதற்காக ஒரு மனுஷனை வேண்டாம் என்று சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே எனக்குப் பொறி தட்டியது. “நான் எழுதறேன்” என்றேன்.

“தாத்தா... நீங்க வேணாம். நீங்க நடுவுல பேசுவீங்க.”

“பேச மாட்டேன்.”

“ஷகிலாக்கா என்ன சொல்றாங்களோ அதை மட்டும் எழுதணும். தப்பா சொன்னாலும் அப்படியேதான். திருத்தக் கூடாது, ஐடியா குடுக்கக் கூடாது. ‘அந்தக் காலத்துல நான்’னு ஆரம்பிக்கவே கூடாது.”

“சரிம்மா.”

“‘ம்’னு கூட சொல்லக் கூடாது!”

கையெழுத்தைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கடை பில் எல்லாம் நான் எழுதியதுதான். என் கையெழுத்துக்கு மேஸ்திரிகள் ரசிகர்கள்.

அனகாபுத்தூரில் ஷகிலா வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது. தெருமுனையில் கைத்தடியோடு நின்றிருந்தார். யாழினி போனில் சொல்லியிருந்தாள். காரில் ஏறியதும் முதல் கேள்வி: “நீங்க வேகமா எழுதுவீங்களா சார்?”

“பில் எழுதின கைம்மா.”

“மண்டபத்துல உங்க பேச்சைத்தான் கேட்டிருக்கேன். எழுத்தைக் கேட்டதில்லையே.”

நம்பவில்லை. பல்லாவரம் தாண்டியதும் சோதிக்க ஆரம்பித்துவிட்டார். பாடத்தைச் சொல்லச் சொல்ல, மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு எழுதினேன். கீழ்க்கட்டளையில் முன்னால் ஒரு தண்ணி லாரி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. செல்வம் ஹாரனை அமுக்குகிறான், ஷகிலா நிறுத்தவில்லை.

“எழுதிட்டீங்களா?”

“இப்பதான் ‘தொழிற்சாலை’ முடிச்சேன்.”

“அது போய் ரொம்ப நேரம் ஆச்சு சார்.” கொஞ்சம் யோசித்தார். “சரி, நான் மெதுவா சொல்றேன். நீங்க பின்தங்கினா டேபிள்ல ஒரு தட்டு தட்டுங்க. நான் நிப்பேன்.”

என் கடையில் இப்படி ஒரு மானேஜர் இருந்திருந்தால் நான் இன்னும் இரண்டு கிளை திறந்திருப்பேன்.

மேடவாக்கம் தாண்டி ஒரு கல்லூரி. அதுதான் சென்டர். ஆபீஸ் ரூமில் தலைமைக் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். கறாரான ஒரு பேராசிரியை. டீச்சர் முன்கூட்டியே போனில் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், “ஸ்கிரைப் மாறுறாங்க, அவ்வளவுதானே? ஐ.டி. குடுங்க சார்” என்றார்.

சட்டைப் பையில் கையை விட்டேன். பழக்கம்... விசிட்டிங் கார்டுதான் முதலில் வந்தது. தங்க எழுத்து: ‘டாக்டர் ப. கன்னியப்பன்’.

“நீங்க டாக்டரா சார்?”

“ஆமாங்க” என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

“அப்ப நீங்க எழுத முடியாது.”

அந்தப் பட்டத்தின் கதை உங்களுக்குத் தெரியும். பெரிய ஹோட்டல், கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி, தொழில் துறையில் சாதனை செய்ததற்காக ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தந்தது. கடை போர்டில், மண்டபத்து வளைவில், இந்தப் பத்தியின் தலைப்பில் - எங்கும் அது உண்டு. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. உழைத்தவனுக்குக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

“மேடம், அது கௌரவ டாக்டர். நான் படிச்சது ஆறாவது.”

“உங்க பேனரைப் பாக்காம தாம்பரத்துல ஒரு சிக்னல் தாண்ட முடியுமா சார்? எல்லாத்துலயும் டாக்டர்னுதானே போட்டிருக்கு? நாளைக்கு எவனாவது ஒரு போட்டோ எடுத்து யுனிவர்சிட்டிக்கு அனுப்பினா, இந்தப் பொண்ணு பேப்பர் கேன்சல்.”

“மேடம், எனக்கு இதான் கடைசி சான்ஸ்” என்றார் ஷகிலா.

“தெரியும்மா. அதனாலதான் கேக்கறேன்.” ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “எழுதிக் குடுங்க சார். டாக்டர்ங்கறது படிச்சு வாங்கினது இல்ல, நான் படிச்சது ஆறாவது மட்டும்னு. ஒரு காப்பியை ஹால் கதவுல ஒட்டிடறேன். ஆட்சேபணை இருக்கறவங்க இப்பவே சொல்லட்டும். அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது.”

கதவில் ஒட்டுவதா!

வாசலில் நின்ற வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், நம்ம மண்டபத்து டாக்டரு தான நீ? என் தங்கச்சி கல்யாணம் உன் மண்டபத்துலதான் நடந்துச்சு. இன்னா, ஆறாவதுன்னு எழுதிக் குடுக்க சொல்லிகினு கீறாங்க?”

ஹால் திறப்பதற்காகக் காத்திருந்த கூட்டம் திரும்பியது. “டேய், டாக்டரு ஆறாவதாம்டா!” என்று ஒரு குரல். சிரிப்பு.

பேனாவை எடுத்தேன். நான் ஒளித்துப் பேசுகிறவன் அல்ல. ஆறாவதுதான் படித்தேன் என்று மேடைக்கு மேடை சொல்கிறவன். ஆனால் நான் சொல்லும்போது, அடுத்த வரி ஒன்று இருக்கும் - ‘இன்றைக்கு என்னைப் பாருங்கள்!’ கைதட்டல் அந்த வரிக்குத்தான். இந்தத் தாளில் அடுத்த வரிக்கு இடமே இல்லை. ஆறாவது... முற்றுப்புள்ளி. அதன் கீழே கையெழுத்து.

“சார், உங்களுக்குச் சங்கடமா இருந்தா...” என்று இழுத்தார் ஷகிலா. அந்த நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது?

“சங்கடமா? எனக்கா?” என்றேன். எழுதினேன். எழுதுவதுதான் எழுதுகிறோம் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கதவில் ஒட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. என் கையெழுத்து அப்படி.

எங்களுக்குத் தனி அறை. கேள்வித்தாளை அங்கிருந்த ஆசிரியர் வாசித்தார். ஷகிலா பதிலைச் சொல்ல ஆரம்பித்தார். சும்மா சொல்லக் கூடாது, பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. இரண்டு தடவைதான் மேசையைத் தட்டினேன்.

மூன்றாவது தட்டு தொழிற்சங்கக் கேள்வியில்.

“முதலாளிகள் குறைந்த கூலி கொடுத்து, அதிக நேரம் வேலை வாங்கி, தொழிலாளர்களைச் சுரண்டினார்கள்” என்றார்.

பேனா நின்றது. தட்டினேன்.

“வேகமா போயிட்டேனா சார்?”

இல்லையம்மா, வேகம் சரிதான். தீபாவளிக்கு நான் கொடுக்கும் போனஸை என் கடை ஆட்களிடம் கேட்டுப் பார்! சொல்ல முடியுமா? ‘ம்’ கூடச் சொல்லக் கூடாது. தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு எழுதினேன். சுரண்டினார்கள். அடுத்ததாக, ‘வேலைநிறுத்தம் செய்தது நியாயமே.’ அதையும் எழுதினேன். அந்தப் பேப்பர் என் கடை ஆட்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்!

உதவி என்றால் செக்கில் கையெழுத்துப் போடுவது, அப்புறம் மைக்கைப் பிடிப்பது - இப்படித்தான் நான் பழகியிருக்கிறேன். நீங்களும் அப்படித்தானே? இங்கே கேட்டது கையை மட்டும். மற்றதெல்லாம் வெளியே நிற்க வேண்டும். பெயர், அபிப்பிராயம், அனுபவம் எதற்கும் உள்ளே வேலை இல்லை. பதினாறு வயதுப் பிள்ளைகள் இதை விளையாட்டு மாதிரி செய்கிறார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் செய்தேனா இல்லையா?

வெளியே வந்ததும் ஷகிலா, “கை வலிக்குதா சார்?” என்று கேட்டார்.

“வாய்தாம்மா வலிக்குது.”

அன்றைக்கு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

போன வாரம் ரிசல்ட். பாஸ்! முதலில் யாழினிக்குப் பேசிவிட்டு எனக்குப் பேசினார். “ஆஸ்பத்திரியில ஆர்டர் குடுத்துட்டாங்க சார். பர்மனென்ட்.” படித்தது அவர், பாடம் வாசித்துக் காட்டியது பிள்ளைகள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோழிக் கிறுக்கலாக எழுதிக் கொடுத்திருந்தால் திருத்துகிறவர் மார்க் போட்டிருப்பாரா? யோசியுங்கள்.

சந்தோஷமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கிளப் ரூமுக்கு வெளியே ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். யாருக்கு யார் பரீட்சை எழுதிக் கொடுத்தது என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. ஷகிலா பெயருக்கு எதிரே பார்த்தேன். ‘யாழினி, பதினொன்றாம் வகுப்பு.’ அவ்வளவுதான்.

மலர்விழி டீச்சரிடம் கேட்டேன்.

“அது ஸ்டூடன்ட்ஸ் போர்டு சார். பேருக்குப் பக்கத்துல வகுப்பு போடணும். உங்களை எப்படி சார் அதுல போடறது? ஆண்டு விழாவுல உங்களுக்குப் பெரிய ஷீல்டு குடுத்துடறோம். ‘டாக்டர்’னு கோல்டு லெட்டர்ல.”

ஷீல்டு என் வீட்டில் அலமாரி கொள்ளாமல் கிடக்கிறது. எனக்கு அது வேண்டாம். கார் கொடுத்ததை எழுத வேண்டாம். டைனிங் ஹாலையும் விட்டுவிடுங்கள். கரன்ட் பில்லைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு பேப்பரை எழுதியவன் நான்.

டீச்சரம்மா, இந்தப் பத்தியை நீங்கள் வாராவாரம் படிப்பீர்கள் என்று யாழினி சொல்லியிருக்கிறாள். பெயின்டரைக் கூப்பிடுங்கள். யாழினிக்குக் கீழே இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இப்படி எழுதச் சொல்லுங்கள்:

‘ப. கன்னியப்பன், ஆறாம் வகுப்பு.’