அடி வாங்கத் தெரிந்த நடிகர்

அக்காவின் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா முதலில் கொடுப்பது தண்ணீர் அல்ல, டிவி ரிமோட். பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிய அந்த ரிமோட்டை முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டுவாள். மருமகனுக்கு எங்கள் கடப்பேரி ஒற்றை அறையில் செய்ய முடிந்த மரியாதை அவ்வளவுதான். மாமா அதை வாங்கி, அக்கா பார்த்துக்கொண்டிருந்த படத்தை மாற்றுவார். அக்கா எழுந்துபோய்ப் பையில் துணியை அடுக்க ஆரம்பிப்பாள். அம்மா அவள் தலையில் பூ வைத்து, புருஷனோடு குன்றத்தூருக்கு அனுப்பி வைப்பாள்.

மாமா திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். கனமான கை. அக்கா அந்தக் கையிலிருந்து தப்பித்து ஷேர் ஆட்டோ பிடித்து வரும்போதெல்லாம், மீன் விற்றுத் திரும்பிய கூடையில் மிஞ்சிய ஐஸைத் துணியில் சுற்றி அம்மா அவள் கன்னத்தில் வைப்பாள். கவிச்சி வீசும் அந்த ஐஸைப் பிடித்துக்கொண்டே அக்கா டிவி முன்னால் உட்காருவாள். அவளுக்குப் பிடித்தவர் கதாநாயகர் இல்லை, ஒரு வில்லன் நடிகர். அவர் நடித்த படங்களில்கூட கடைசிச் சண்டையை மட்டும்தான் பார்ப்பாள். மற்ற வில்லன்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறந்து விழுவார்கள். இவர் அப்படியில்லை. முதல் அடி விழுந்ததும் ஒரு கணம் அப்படியே நிற்பார். வலி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல் கண் அகலும். பிறகு முழங்கால் மடங்கும், கை குவியும். அந்த இடம் வந்ததும் அக்காவின் மூச்சு சீராகிவிடும். கன்னத்து ஐஸ் கரைந்து முழங்கைவரை வழிவதுகூடத் தெரியாது.

"இன்னாடி கீது அந்த மூஞ்சில?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"மத்தவன்லாம் அடி வாங்குற மாதிரி நடிக்கிறான்மா. இவன் ஒருத்தன்தான் நெஜமா பயப்படுறான்."

அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அம்மாவுக்கு மனசில்லாமல் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்துக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். மாமா வாசலில் வந்து கத்திக்கொண்டிருந்தால் பிள்ளை எப்படிப் படிப்பான் என்பது அம்மாவின் பயம். "தம்பி படிச்சு முடிக்கட்டும்டி. அவன் தலையெடுத்தா நீ வந்துடு," என்பாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நல்லா எழுதுடா," என்று மட்டும் சொல்லிவிட்டு மாமாவின் வண்டியில் ஏறுவாள்.

படித்தேன். நாவலூரில் வேலை கிடைத்தது. சேலையூரில் இரண்டு அறை உள்ள வீடு பார்த்தேன், ஒன்று அக்காவுக்கு. அவளை அழைத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்த வாரத்தில் மாமா பட்டறையில் சுருண்டு விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. கை, கால், பேச்சு எல்லாம் போயின. கண்ணும் காதும் மிஞ்சின, நினைவும் தெளிவாக இருப்பதாக டாக்டர் சொன்னார். படுத்த படுக்கையாகக் கிடப்பவனை விட்டுவிட்டு வருவது பாவம் என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் பாவத்துக்குத் துணிந்துதான் போனேன். அக்காதான் வரவில்லை.

"இப்ப எதுக்குடா? இப்பதான் இந்த வூடு நல்லா கீது," என்றாள்.

இவ்வளவு அடித்த பிறகும் இப்படி ஒரு பாசமா என்று நினைத்துப் பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன்.

போன கிருத்திகையன்று குன்றத்தூர் மலையில் சாமி பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு இறங்கினேன். மாமாவுக்குச் சவரம் செய்து, பவுடர் போட்டு, வெள்ளை வேட்டி கட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தாள். படுக்கைப்புண் ஒன்றுகூட இல்லை. கட்டிலின் கால்மாட்டில் புதிய பெரிய டிவி. அதில் அந்த வில்லன் நடிகர் அடி வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு சண்டை முடிந்ததும் இன்னொரு படத்தின் சண்டை வந்தது. சத்தம் அதிகமாகவே இருந்தது.

"நாள் முழுக்க இதாம்பா ஓடும். உங்க மாமாவுக்கு உசுராமே. கண்ணுல தண்ணி வந்துடும், பாரேன்," என்றார் முறுக்கு கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி. "இந்தக் காலத்துல எவ புருஷன இப்டிப் பாத்துக்குறா?"

மாமாவுக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது. திரையில் ஓங்கிய கை இறங்கும்போதெல்லாம் அவர் இமை அடித்துக்கொண்டது. அந்த அகன்ற கண்ணை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். சிறு வயதிலிருந்தே, டிவியில்.

அப்போதுதான் அக்காவின் நாற்காலியைக் கவனித்தேன். அது டிவிக்கு முதுகைக் காட்டிக் கட்டிலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அதில் உட்கார்ந்து அவள் பூ கட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது.

"உனக்குப் போர் அடிச்சா மாத்திக்கடா," என்று ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் காபி போட எழுந்துபோனாள். அதற்கும் பாலிதீன் கவர், ரப்பர் பேண்ட். மாமாவின் கண் திரையை விட்டு என் கைக்கு வந்தது. அங்கேயே நின்றது. வாய் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

ரிமோட்டைச் சட்டை நுனியில் துடைத்தேன். கட்டிலருகே போய் இரண்டு கையாலும் அதை மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மூடவில்லை.