சோதனைக் குழாயில் அக்கா

"கிள்ளி வர்றாளாம், தொட்டிய உள்ள தூக்குங்க!" என்று அண்ணி என் அண்ணனை விரட்டியபோதுதான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். யாரோ திருடி என்று பயந்து என் செருப்பையும் உள்ளே எடுத்து வைத்தேன். வந்தவள் அண்ணியின் கூடப் பிறந்த தங்கை! பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. யார் வீட்டுக்குப் போனாலும் செடியில் ஒரு கிளையைக் கிள்ளாமல் திரும்பியதில்லை. அதனால் இது ஒட்டிக்கொண்டது.

முப்பத்திரண்டு வருஷம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தியவள். கத்தரியை எடுத்ததும் செடியிடம், "சுருக்குன்னுதான் இருக்கும், அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்பாள். கிளையில் கணு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். கணுவில்தானே வேர் வரும்? அடி இலைகளைக் களைந்து, பழைய சோதனைக் குழாயில் தண்ணீர் விட்டுச் சொருகி, சீட்டு ஒட்டிவிடுவாள். சீட்டில் செடியின் பெயர் இருக்காது. கொடுத்தவர் பெயரும் தேதியும்தான். அப்புறம் போனில் அவள் சொல்லும் சேதியைக் கேட்க வேண்டுமே!

"பல் டாக்டர் அழுகிட்டாரு. தபால்காரர் பரவாயில்ல. உங்க சம்பந்தியம்மாவ நேத்துதான் மண்ணுக்குள்ள வெச்சேன்!"

ஒருமுறை பஸ்ஸில் இதைச் சொல்லப்போக, பக்கத்து இருக்கைக்காரர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

அண்ணியிடம் மெழுகு பூசினாற்போல் இலையுள்ள கொடி ஒன்று இருந்தது. ஒன்பது வருஷம் கழித்து முதல் மொட்டு விட்ட வாரம் பார்த்துக் கிள்ளி வந்தாள். மொட்டு வைத்த கிளைதான் தெம்பானது என்று அதையே நறுக்கினாள். மொட்டெல்லாம் மறுநாளே உதிர்ந்தது. அண்ணி பேச்சை நிறுத்தினார். ஐந்து வருஷம்!

கிளை மட்டும் 'அக்கா' என்ற சீட்டோடு குழாயில் வேர் விட்டது. எல்லோரையும் மண்ணுக்கு மாற்றியவள் அதை மட்டும் மாற்றவேயில்லை. "மண்ணு ஒத்துக்கலைன்னா? எனக்கு இருக்கிறது ஒரே அக்கா" என்பாள்.

போன மாதம் தாய்க்கொடி செத்தது. சர்க்கரையில்லாத காப்பியை அண்ணன் குடிப்பதுபோல் நடித்து, தினமும் அந்தத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்! அண்ணி காய்ந்த கொடியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் கிள்ளிக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலை குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வந்த வேகத்தில் தண்ணீர் பாதி சேலையில். அண்ணி கதவைப் பாதிதான் திறந்தார்.

"எதுக்குடி வந்த?"

"உன்னத் திருப்பிக் குடுக்கத்தான்க்கா. வேர் ஒரு சாண் இருக்கு, பாரு."

அண்ணி சீட்டையே பார்த்தார். எழுத்து மங்க மங்க அதன் மேலேயே மறுபடி மறுபடி எழுதியிருந்தாள்.

"இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான்" என்று கதவை முழுசாகத் திறந்தார். "உள்ள வா. கத்தரிய மட்டும் என் நாத்தனார்கிட்ட குடுத்துட்டு வா."

கத்தரி என் பையில்தான் இருக்கிறது. கொடி தொட்டிக்கு மாறிவிட்டது. நுனியில் பச்சையாக ஏதோ எட்டிப் பார்க்கிறது. கிள்ளி இன்றோடு பதினெட்டு நாளாக அக்கா வீட்டில் இருக்கிறாள். கொடியின் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.