லிட்டருக்கு எட்டே முக்கால்

ஜீவரத்தினம் இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். அத்தனை வருஷத்தில் முதலாளி வண்டியிலிருந்து ஒரு சொட்டு டீசல் எடுத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நம்ப வேண்டியவர்கள் நம்ப வேண்டிய நேரத்தில் இதை நம்பவில்லை. உண்மை தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

வீடு இரும்புலியூரில். வேலை மேற்குத் தாம்பரத்தில், பக்தவச்சலத்தின் சிமெண்ட், கம்பிக் கடையில். எண்பத்தேழாம் வருஷம் பக்தவச்சலம் ஒரே மாதிரி மூன்று பெரிய டீசல் பிக்கப் வண்டிகளை எடுத்தார். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று கிழக்கே இருந்த வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலம் அது. பி.எஃப். பணத்தை எடுத்து ஆளாளுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். விடிந்தால் சிமெண்ட், பொழுது சாய்ந்தால் கம்பி என்று மூன்று வண்டிகளும் ஓய்வில்லாமல் ஓடின.

வண்டியோடு வந்த புத்தகத்தில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று அச்சடித்திருந்தது. பக்தவச்சலம் தன் ஆயுளில் படித்த ஒரே புத்தகம் அதுதான். அதிலும் அந்த ஒரு வரிதான் படித்தார். ரயில்வே ஸ்டோர்ஸில் ஓய்வு பெற்று சிட்லபாக்கத்தில் குடியிருந்த யக்ஞநாராயணனை வேலைக்கு வைத்து, மூன்று வண்டிகளுக்கும் ஓடின தூரமும் போட்ட டீசலும் எழுதும் லாக் புத்தகம் போடச் சொன்னார். யக்ஞநாராயணன் நேர்மையான மனிதர். கடையின் பேனாவில் தன் வீட்டுக் கடிதத்தைக்கூட எழுதமாட்டார். அவர் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது இரண்டு வண்டிகள் பன்னிரண்டு கொடுத்தன. ஜீவரத்தினத்தின் வண்டி மட்டும் எட்டே முக்கால்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஐம்பது மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாத வண்டியில் பக்தவச்சலம் எழுபது ஏற்றுவார், அதன் தலையில் கம்பிக் கட்டு வேறு. தாம்பரம் ரயில்வே கேட் போட்டால் இருபது நிமிஷம். பேட்டரி செத்துக் கிடந்தது. மாற்றித் தரச் சொல்லி நான்கு மாதமாகக் கேட்டும் பயனில்லை. எஞ்சினை அணைத்தால் எழுபது மூட்டையோடு யார் தள்ளுவது? அதனால் நின்ற இடத்திலேயே டீசல் எரிந்துகொண்டிருக்கும். கேட்டைத் தாண்டினால் சாலை என்று பெயருக்கு ஒரு மண் தடம். மனைக்குள் நுழைந்துவிட்டால் முதல் கியர், இரண்டாம் கியர், அதற்கு மேல் கிடையாது. எட்டே முக்கால் வந்ததே அந்த மனுஷனின் வலது காலின் சாமர்த்தியம்.

அப்படியானால் மற்ற இரண்டு வண்டிகளும் பன்னிரண்டு கொடுத்தது எப்படி? அது ஜீவரத்தினத்துக்குத் தெரியும். இரண்டாவது வண்டி ஓட்டிய சவுரிமுத்துவும் மூன்றாவது வண்டிக்காரனும் வாரத்தில் இரண்டு நாள் மெக்கானிக் ஷெட்டுக்குப் போவார்கள். ஸ்பீடாமீட்டர் கேபிளைக் கழற்றி டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றுவார்கள். நின்ற வண்டி மீட்டரில் நூறு கிலோமீட்டர் ஓடிவிடும். புத்தகத்துக்குத் தேவையான கணக்கு வந்த பிறகு, தனக்கென்று ஒரு கேனும் பிடித்துக்கொள்ளலாம்.

"நீயும் வந்து சுத்திக்க மச்சான்" என்று சவுரிமுத்து பலமுறை கூப்பிட்டிருக்கிறான். "வண்டி குடுக்காத மைலேஜ நாம குடுக்குறோம். மொதலாளி சந்தோஷமா கீறாரு. இதுல இன்னா தப்பு?"

"எனக்கு வேணாம்பா. ஓடினதை எழுதுறேன், அவ்ளோதான்" என்பார் ஜீவரத்தினம்.

ஆக, திருடினவன் கணக்கு நேராக இருந்தது, திருடாதவன் கணக்கு கோணிக்கொண்டு நின்றது. மறு வருஷம் பக்தவச்சலம் கடை வாசலிலேயே, மூட்டை தூக்குகிறவர்கள் காதுபட, "என் டீசல் எங்கேய்யா போகுது?" என்று கேட்கத் தொடங்கினார். யக்ஞநாராயணனுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மனிதனைச் சும்மா சந்தேகப்படக் கூடாது, ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பிக்கொண்டு மதுராந்தகம் போய்த் திரும்புவது, அவரே பக்கத்தில் உட்கார்ந்து வருவது, திரும்பியதும் மறுபடி நிரப்பி அளப்பது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை லோடு ஏற்ற ஆள் கிடையாது என்பதால் வண்டி காலியாகப் போகும். லோடோடு போகலாமே என்று கேட்க ஜீவரத்தினத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் சாக்குத் தேடுகிறான் என்பார்களோ என்று விழுங்கிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் சவுரிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், நான் சொல்றத கேளு. நாளிக்கி நல்லா ஓட்டாத. கிளச்சு மேலயே கால வச்சிக்கினு போ. ரெண்டாவது கியர்லயே இழு. ஒம்போது வந்தா நீ தப்பிச்ச. பன்னெண்டு வந்துச்சுன்னா செத்த."

ஜீவரத்தினம் சிரித்தார். இத்தனை வருஷம் ஓட்டியவனை மோசமாக ஓட்டச் சொல்கிறானே என்று நினைத்தார். அந்தத் திருடன் சொன்னதுதான் அன்றைக்கு யோக்கியமான புத்திமதி என்பது அவருக்கு உறைக்கவில்லை.

காலையில் மனைவி தபீதாள் வாசலில் நின்று ஜெபம் செய்து அனுப்பினாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவர் ஆராதனைக்குப் போகாத முதல் ஞாயிறு அது. அவள் தனியாகக் கோயிலுக்குப் போய், "அவருக்கு இன்னைக்குப் பரீட்சை, ஜெபம் பண்ணிக்குங்க" என்று பெஞ்சு பெஞ்சாகச் சொல்லி வைத்தாள்.

அன்று ஜீவரத்தினம் ஓட்டியதைப் போல அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. ஜி.எஸ்.டி. ரோடு காலியாகக் கிடந்தது. வண்டலூர் தாண்டியதும் டாப் கியரில் போட்டு, நாற்பதிலேயே பிடித்தார். தூரத்தில் மாடு தெரிந்தால் பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுப்பார். வண்டி தானாகத் தணிந்து, மாடு ஒதுங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும். சிங்கபெருமாள்கோயில் வளைவுகளில் ஸ்டியரிங் அசைந்ததே தெரியவில்லை. யக்ஞநாராயணன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை.

"ஜீவரத்தினம், இவ்வளவு நன்னா வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லைப்பா" என்றார் அவர்.

அதைக் கேட்டு ஜீவரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. யாரும் இதுவரை அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. பாலாற்றுப் பாலத்தில் போகும்போது, கொஞ்ச நேரம், எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. சந்தோஷமாக இருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

நூற்றெட்டு கிலோமீட்டர். பங்க்கில் மறுபடி நிரப்பியபோது ஒன்பது லிட்டர்கூட முழுதாக இறங்கவில்லை. யக்ஞநாராயணன் இரண்டு முறை வகுத்துப் பார்த்தார். பன்னிரண்டு புள்ளி ஒன்று.

கடையில் பக்தவச்சலமும், முடிவைப் பார்க்க வந்த மற்ற இரண்டு டிரைவர்களும் காத்திருந்தார்கள். பக்தவச்சலம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"புக்குல பன்னெண்டு. சார் பக்கத்துல உக்காந்தா பன்னெண்டு. தனியா ஓட்டினா மட்டும் எட்டே முக்கால். மீதி எங்க போச்சு ஜீவரத்தினம்?"

"லோடு இருந்தா வராதுண்ணா. கேட்டு, மண்ணு ரோடு, எல்லாம் இருக்கு."

"மத்த ரெண்டு வண்டியும் லோடோடதானே போகுது? அதுங்களுக்கு மட்டும் எப்படி வருது?"

இதற்குப் பதில் ஜீவரத்தினத்திடம் இருந்தது. டிரில் மெஷின் என்று இரண்டு வார்த்தை போதும். அவர் சவுரிமுத்துவைப் பார்த்தார். சவுரிமுத்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு நான்கு பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. காட்டிக்கொடுத்து வாழ்கிற யூதாஸ் பிழைப்பு வேண்டாம் என்று ஜீவரத்தினம் வாயை மூடிக்கொண்டார். யக்ஞநாராயணன் தலையைக் குனிந்து பேனாவுக்கு மூடி போட்டார். தன் கண்ணால் பார்த்து, தன் கையால் வகுத்த கணக்கை அவர் எப்படி மறுப்பார்?

"போகட்டும். இத்தனை வருஷம் வேலை பாத்திருக்கே. மன்னிச்சுட்டேன். இனிமே பண்ணாதே" என்றார் பக்தவச்சலம்.

"செய்யாத தப்புக்கு மன்னிப்பு வேணாங்கண்ணா" என்று சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு ஜீவரத்தினம் வெளியே வந்தார்.

நடந்தே வீட்டுக்கு வந்தார். தபீதாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். சவுரிமுத்து விஷயத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. அவன் மனைவி ஞானம்மாளும் தபீதாளும் ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடிப்பவர்கள். சொன்னால் மறுநாள் காலை தெருவே நாறிவிடும். அதனால் அவர் சொன்ன கதை அவருக்கே ஓட்டையாகத்தான் கேட்டது. தபீதாள் அவர் தட்டில் ரசம் ஊற்றினாள்.

"நெஜமாவே நீங்க எடுக்கலைதானே?" என்றாள்.

அந்தத் 'தானே'யில் ஜீவரத்தினம் உடைந்துபோனார். பக்தவச்சலம் கேட்டது வெளிக்காயம், இது உள்ளே இறங்கிவிட்டது. பதில் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். மனைவி கேட்டபோது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நியாயம்தான். ஆனால் கேட்டிருக்கவே கூடாது என்று நினைக்கிற மனுஷன் பதில் சொல்லமாட்டான். அவள் அந்த மௌனத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் செய்வது அந்த வீட்டு வழக்கம். தபீதாள்தான் ஜெபிப்பாள், இரண்டே பேர் உள்ள வீட்டில் ஆமென் சொல்ல வேண்டியவர் அவர். அன்று சாயங்காலம், ஊழியக்காரர்களுக்கும் வியாதியஸ்தர்களுக்கும் ஜெபித்த பிறகு, அவள் குரலைத் தணித்துக்கொண்டு புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்.

"ஆண்டவரே, உம்முடைய அடியான் அறியாமையினால் கை நீட்டியிருந்தால் அதை நினையாதிரும்."

ஜீவரத்தினம் கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் கண்களை இறுக மூடி, அவருடைய ஆமெனுக்காகக் காத்திருந்தாள். அவள் ஏளனம் செய்யவில்லை, கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் ஆமென் என்றார்.

மறுநாளும் அதே ஜெபம். அதற்கு மறுநாளும். கோயிலில் பரீட்சை என்னவாயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் என்ன சொன்னாளோ, யாரும் பிறகு ஆராதனையில் அவரிடம் பைபிள் வாசிக்கக் கொடுக்கவில்லை. அவர் பல்லாவரத்தில் ஒரு கல்குவாரி லாரிக்குப் போனார், பிறகு ஒரு பள்ளிக்கூட வேனுக்கு. தபீதாள் அவருக்கு வேளை தவறாமல் சோறு போட்டாள், காய்ச்சலில் கிடந்தால் ராத்திரியெல்லாம் விழித்தாள். அன்பில் ஒரு குறையும் இல்லை. திருடனிடம் அன்பாக இருந்தாள், அவ்வளவுதான். ஏழு வருஷம், ஒவ்வொரு சாயங்காலமும், செய்யாத திருட்டுக்கு அவர் ஆமென் சொன்னார்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை உலர்ந்து கிடந்தது.

"நான் உங்கள எப்பவோ மன்னிச்சுட்டேங்க. ஆண்டவரும் மன்னிச்சிருப்பாரு. நீங்க நிம்மதியா இருக்கணும்."

நான் எடுக்கவில்லை தபீதா என்று சொல்ல அவருக்கு மூச்சு எழும்பியது. போகிற உயிரோடு வழக்காடுவதா? ஏழு வருஷப் பழக்கம், வாய் தானாக ஆமென் என்றது. அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, இரும்புலியூர் வீட்டின் முன் ஆட்டோ ஒன்று நின்றது. தடியை ஊன்றிக்கொண்டு யக்ஞநாராயணன் இறங்கினார். எழுபதைத் தாண்டியிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியவர், முன்பு 'நீ' என்று பேசியவர், 'நீங்க' என்று ஆரம்பித்தார்.

"நீங்க போனதுக்கப்புறம் இத்தனை வருஷம் கழிச்சு, சவுரிமுத்து சொந்த வண்டி வாங்கிண்டு போயிட்டான். அவன் ஓட்டின வண்டிக்குப் புதுசா ஒரு டிரைவர் வந்தான். அதே வண்டி, எட்டரைதான் குடுத்தது. பக்தவச்சலம் மறுபடியும் திருட்டுப் பட்டம் கட்ட ஆரம்பிச்சார். எனக்கு உடம்பே பதறிப்போச்சு. இந்தத் தடவை லோடோட, நானே மூணு நாள் வண்டியில உக்காந்து பார்த்தேன்."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"அன்னிக்கே நான் இதைப் பண்ணியிருக்கணும். மத்த ரெண்டும் எப்படிப் பன்னெண்டு குடுத்ததுன்னு கேட்டிருக்கணும். கணக்குத் தெரிஞ்சவன் நான். உங்களுக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன் ஜீவரத்தினம்."

ஜீவரத்தினம் தாளை வாங்கவில்லை.

"நீங்களே படிங்க சார். கொஞ்சம் சத்தமா படிங்க."

யக்ஞநாராயணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திங்கள், எழுபது மூட்டை, மாடம்பாக்கம், எட்டு புள்ளி ஆறு. செவ்வாய், கம்பியும் அறுபது மூட்டையும், சேலையூர், எட்டு புள்ளி ஒன்பது. புதன், எழுபது மூட்டை, கேட்டில் இரண்டு தடவை நின்றது, எட்டே முக்கால். அதற்குக் கீழே, கடைசி வரியாக, ஜீவரத்தினம் டீசல் எடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதையும் படித்தார்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவை" என்றார் ஜீவரத்தினம். அவர் பெரியவரைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யக்ஞநாராயணன் குரலை உயர்த்தி மறுபடி படித்தார். ஏழு வருஷம் தினமும் ஜீவரத்தினம் சொன்ன ஆமென்களுக்குப் பதிலாக அன்று அவருக்கு ஒரே ஒரு ஆமென் வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் வீட்டில் இல்லை.