எங்க மண்ணு எண்ணெய்

திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கு அது சீமெண்ணெய். கல்யாணமாகி, எழுபதுகளின் கடைசியில் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தபிறகுதான் மண்ணெண்ணெய் என்ற பேர் என் வாயில் படிந்தது. படியவைத்தது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். கம்மாபுரம் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரைச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். வீடும் முந்திரிக் கொல்லையும் போய், டவுன்ஷிப்புக்கு வெளியே குடிசை போட்டிருந்தாள். குடிசையில் கரண்ட் கிடையாது. ரேஷனில் கிடைக்கிற எண்ணெய் சிம்னி விளக்குக்குப் பாதி மாதம்கூட வராது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் கழுத்தில் கயிறு கட்டிய பாட்டிலோடு என்னிடம் வருவாள்.

கேட்கிற தோரணைதான் விசேஷம். கெஞ்சல் கிடையாது. "எங்க மண்ணு எண்ணெய ஊத்துங்கம்மா" என்பாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. தன் கொல்லையைத் தோண்டி அடியிலிருந்து எடுக்கிற எண்ணெய்தான் என் ஸ்டவ்வில் எரிகிறது என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தாள். மண்ணைத் தோண்டுகிறார்கள், மண்ணெண்ணெய் வருகிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

நான் திருத்தவில்லை. இரக்கம் என்று யாரும் தப்புக்கணக்குப் போடவேண்டாம். அவள் ஊரைத் தோண்டியெடுக்கிற கரியில் என் வீட்டுக்காரருக்குக் கிடைக்கிற சம்பளத்தால்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது, நான் வாசலில் ரோஜாச்செடி வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறேன் என்பது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. புனலை வைத்து அவள் பாட்டிலை நிரப்பும்போது மட்டும் அது கொஞ்சம் அடங்கும். அவளுக்கு வெளிச்சம், எனக்கு நிம்மதி. ஸ்டவ்வுக்குக் குறைந்தால் குறையட்டும் என்று கழுத்துவரை ஊற்றுவேன்.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஆனால் யாராவது ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு வெள்ளிக்கிழமை, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து வராந்தாவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் காதில் அந்த வார்த்தை விழுந்துவிட்டது.

"உங்க மண்ணா? இது வெளிநாட்டிலேருந்து கப்பல்ல வருதும்மா. கச்சா எண்ணெய். அதைக் காய்ச்சிப் பிரிச்சா பெட்ரோல், டீசல், இந்த மண்ணெண்ணெய், ரோட்டுக்குப் போடற தார், மெழுகுவத்தி எல்லாம் கிடைக்கும். நீ தண்ணி பிடிக்கிற பிளாஸ்டிக் பக்கெட், அம்மா கட்டியிருக்கிற நைலான் புடவைகூட அதிலேருந்து வந்ததுதான்."

நான் கண்ணால் எவ்வளவோ ஜாடை காட்டினேன். மனுஷர் என் புடவை வரைக்கும் வந்துதான் நின்றார்.

அவள் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப எங்க மண்ணுலேர்ந்து இன்னாதாங்க எடுக்கறாங்க?"

"நிலக்கரி. அதை எரிச்சுத்தான் கரண்ட். இதோ..." என்று மேலே கையைக் காட்டினார்.

பட்டப்பகலில் வராந்தா பல்பு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கவேண்டும் என்ற நினைப்பே எங்கள் தெருவில் யாருக்கும் வராது. கரண்டுக்கு நாங்கள் கஷ்டப்பட்டதே இல்லை.

அவள் நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இத பாட்டில்ல புடிச்சிக்கினு போவ முடியாதுங்களே" என்றாள்.

ஓடிப்போய் டின்னையும் புனலையும் எடுத்துவந்து, பாட்டிலுக்காகக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"வாணாங்கம்மா. அது யாரு வூட்டு மண்ணோ."

காலிப் பாட்டிலோடு படியிறங்கிப் போனாள். அவள் கேட்டைத் தாண்டும்வரை, அந்தப் பல்பை அணைக்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.