ரூபினா போட்ட வெப்பக் கணக்கு

கல்மண்டபம் ரூபினாவுக்குக் கணக்கு போடுவது அல்வா சாப்பிடுகிற மாதிரி. எண்ணூர் நெடுஞ்சாலையோரக் கழிவு அமிலக் கம்பெனியில் கெமிஸ்டாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் சொல்கிற எண்ணை இன்னொருவர் சரிபார்க்கிற வழக்கமே அங்கே ஒழிந்துவிட்டது. அதுதான் வம்பாகப் போயிற்று.

இரும்பில் துரு கழுவிய அமிலம் அங்கே டேங்கரில் வரும். காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி அதன் வீரியத்தை அடக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சூடு கிளம்பும். எவ்வளவு சூடு என்பதைத்தான் புத்தகம் என்தால்பி மாற்றம் என்கிறது. அதை வைத்து, கலவை எத்தனை டிகிரி ஏறும் என்று ரூபினா முன்கூட்டியே சொல்வாள். அறுபதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளாஸ்டிக் தொட்டி இளகும். அமில ஆவி, தொட்டிக்கு மேலே மேடையில் நிற்கிறவர் மேல் அடிக்கும். நிற்கிறவர் புளியந்தோப்பு ஜெயவேல். வால்வு திறந்து மூடுவது அவர் வேலை.

மே மாதத்தில் ஒரு நாள் வழக்கத்தைவிடக் கெட்டியான அமிலம் வந்தது. ரூபினா ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். முப்பது டிகிரி ஏறும் என்று வந்தது. புத்தக அட்டவணை இருபத்தைந்து டிகிரிக்கு எழுதியது. அறை ஏசியும் இருபத்தைந்து. கூட்டினால் ஐம்பத்தைந்து. "தாராளமா ஊத்தலாம்ணே" என்று ஜெயவேலிடம் சொல்லிவிட்டு, லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குக் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யக் குழாயடிக்குப் போனாள்.

தண்ணீரில் கை வைத்தாள். யா அல்லாஹ்! சுரீரென்றது. மொட்டைமாடி டேங்க் தண்ணீர். காஸ்டிக் கரைக்கிற தண்ணீரும் இதேதான். அமிலத் தொட்டியோ காலையிலிருந்து வெயிலில் கிடக்கிறது. இந்த ஊர் மே மாதத்தில் எவனுக்கு ஐயா இருபத்தைந்து டிகிரி? அவள் வேலைக்குச் சேர்ந்தது மழைக்காலத்தில். போட்டதெல்லாம் பலித்துக்கொண்டே வந்ததால் தண்ணீரின் சூட்டை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. ஏறுகிற முப்பது சரிதான். ஏறத் தொடங்குகிற இடம் தப்பு. நாற்பதில் தொடங்கினால் எழுபது!

ரூபினா குழாயைக்கூட மூடவில்லை. முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு ஓடினாள்.

"வால்வ மூடுங்கண்ணே! மூடிட்டுக் கீழ இறங்குங்க!"

ஜெயவேல் மூடிவிட்டு இறங்கி வந்தார். "இன்னா மேடம், வூடு பத்திக்கின மாதிரி ஓடியாறீங்க?"

கலவையைக் கொஞ்சம் பிடித்துத் தெர்மாமீட்டரை வைத்தாள். ஐம்பத்தாறு. காஸ்டிக்கில் பாதிதான் போயிருந்தது. மீதிப் பாதியும் போயிருந்தால்?

அமிலத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"அமிலத்துல ஒண்ணுமில்லண்ணே. நான் போட்ட கணக்கு தப்பு."

ஜெயவேல் கோபப்படவில்லை. முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் மேல ஏர்ற வேலைன்னா எம்பொண்டாட்டிக்கு பயம் மேடம். ரூபினா மேடம் கணக்கு போட்டுக்கீறாங்க, ஒண்ணும் ஆவாதுன்னு டெய்லி சொல்ட்டுத்தான் வருவேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவ்வளவு சாதாரணமாக அவர் சொன்னதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தொட்டி ஆறும்வரை காத்திருந்து, வெயில் தாழ்ந்ததும் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம் என்று முடிவாயிற்று. ஜெயவேல் ஏணிக்கு வந்தபோது, முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு ரூபினா அவருக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல குந்துங்க மேடம். உங்களுக்கு இங்க இன்னா வேல?"

"கணக்கு என்னுதுண்ணே. நானும் நிக்கிறேன்."

இன்றைக்கும் எந்த லோடு வந்தாலும் அந்த மேடையில் இரண்டு பேர் நிற்கிறார்கள்.